ஆள் இருக்கான்

அம்புஜவல்லியின் வீட்டில் ஒரு வார்த்தை மட்டும் புழங்கக் கூடாது. மாடத்துத் துளசி பட்டுப்போனாலும் சரி, விளக்கில் விழுந்து ஈசல் கருகினாலும் சரி, 'செத்துப்போச்சு' என்று யாரும் சொல்லக் கூடாது. அவள் புருஷன் சடகோபன் அதற்குப் பழகிப்போயிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள் அம்புஜவல்லி. அவளுடைய மன்னி தோளைத் தொட்டு எழுப்பினாள். "அம்புஜம், மணவாளன் போயிட்டாண்டி" என்றாள். தூக்கக் கலக்கத்தில் இவள் கேட்டது: "எங்க போனான்? யார் தூக்கிண்டு போனா?" மணவாளன் அவள் பிள்ளை; நாலு வயசு, காய்ச்சலில் ஒரு வாரமாக எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாதவன். மன்னி வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு இவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறமும் அந்த இன்னொரு வார்த்தையை இவள் எதிரில் யாரும் எடுக்கவில்லை. எடுக்க இவள் விடவும் இல்லை. திருவள்ளூர் பெருமாள் கோயில் குளத்தில் குழந்தைக்காக அமாவாசைக்கு அமாவாசை வெல்லம் கரைத்தவள், அதற்குப் பிறகு அந்தக் குளத்துப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள்.

எழுபத்தொன்றாம் வருஷக் கார்த்திகை. விட்டு விட்டு மழை. வடக்கே சண்டை ஆரம்பித்திருந்தது. விமானத்துக்குத் தெரியக் கூடாது என்று லாரிகளின் முகவிளக்கில் பாதிக்குக் கறுப்புப் பூசியிருந்தார்கள். சாயங்காலம் தெருவில் அவை வரும்போது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எதுவோ வருவதுபோல இருக்கும்.

சடகோபனுக்குக் காலையில் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிற வேலை. மத்தியானத்துக்கு மேல் ரேடியோ. ரயிலடியில் ரேடியோக் கடை வைத்திருந்த பரசுராமனிடம் போய் உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டது. பரசுராமன் மூர் மார்க்கெட்டிலிருந்து, கம்பெனியில் கழித்துப்போட்ட டிரான்சிஸ்டர்களை மூட்டையாக வாங்கி வருவான். ஊரில் ரேடியோப் பெட்டிக்கே டிரான்சிஸ்டர் என்று பேர் விழுந்துவிட்டதால், உள்ளே இருக்கிற அந்தப் பட்டாணி அளவு உருப்படியைச் சடகோபன் 'மூணுகால்' என்பார். தகரத் தொப்பி, தொப்பிக்குக் கீழே மூன்று கம்பிக் கால். நூற்றில் முப்பது நல்லதாக இருக்கும். எந்த முப்பது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

"மீட்டர் வெச்சுப் பாக்கலாம் சாமி. ஆனா அந்த மீட்டரு மெட்ராஸ்லதான் கீது, என்கிட்ட இல்ல" என்றான் பரசுராமன். "நீங்களே எதுனா ஒண்ணு பண்ணுங்களேன். மூளை கீதுல்ல?"

சடகோபன் பரணிலிருந்து திருமண் பெட்டியை இறக்கினார். நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் திருமண் கட்டியும் ஸ்ரீசூர்ணமும் வைக்கிற, தள்ளு மூடி போட்ட பலாமரப் பெட்டி. அவருடைய அப்பா வைத்திருந்தது.

"ஏன்னா, அதைப் போயா எடுத்தேள்?"

"மூடி உடைஞ்சு சும்மாத்தானே கிடக்கு? பெருமாள் காரியமா இருந்தது, இப்போ வயத்துக் காரியமா இருக்கட்டும்."

"கரிக் குமுட்டி வேணுமா? தளிகை ஆனப்புறம்தான் தருவேன்."

குமுட்டி அடுப்பில் சூட்டுக்கோலைக் காய்ச்சி ஈயம் பற்றவைத்தார். வீடெல்லாம் குங்கிலியம் போட்ட மாதிரி ஒரு வாசனை. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஒரு சின்னக் கம்பிச் சுருள், அதாவது காயில்; ஒரு கண்டன்சர், இரண்டு ரெசிஸ்டன்ஸ், இரண்டு டார்ச் செல். மூன்று கால்களையும் கடித்துப் பிடிக்க மூன்று கவ்வி. அவ்வளவுதான் பெட்டி. பெட்டிக்கு வாய் கிடையாது. அதற்குப் பதில் பேசுவது பக்கத்தில் வைத்த ரேடியோ. ரேடியோவில் மெட்ராஸ் ஸ்டேஷன் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மூணுகாலைக் கவ்வியில் மாட்டினால், அது நல்லதாக இருந்தால், ஸ்டேஷன் பேச்சுக்கு மேலே ஒரு விசில் எழும்பும். கெட்டது என்றால் விசில் வராது.

முதல் விசில் வந்தபோது சடகோபன் குழந்தை மாதிரி தொடையில் தட்டிக்கொண்டார். இரண்டாவதை மாட்டினார். விசில் இல்லை.

"செத்துப்—" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்புஜவல்லி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆள் போயிட்டான்" என்றார்.

அது அவளுக்குப் பரவாயில்லை என்று இருந்தது. போயிட்டான் என்றால் எங்கேயோ இருக்கிறான் என்று ஆகிறதல்லவா?

அவர் விரல் தடிமன்; மெல்லிசுக் கம்பிக் கால்கள் அவர் கையில் மடங்கிப்போயின. இரண்டாம் நாளிலிருந்து மாட்டுவது அம்புஜவல்லி வேலையாயிற்று. பூத்தொடுத்த விரல். அவள் மாட்டுவாள், அவர் ரேடியோவில் காதை வைத்துச் சொல்லுவார்.

"ஆள் இருக்கான்."

அது வெண்கலக் கிண்ணத்துக்குப் போகும்.

"ஆள் போயிட்டான்."

அது கொட்டாங்கச்சிக்கு.

ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் குணசுந்தரி. அவள் புருஷன் ராஜமாணிக்கம் கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவளுடைய தம்பி சுப்பிரமணி பட்டாளத்தில் இருந்தான். தீபாவளி லீவில் வந்தபோது அக்காவுக்குக் கைக்கு அடக்கமான ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். சண்டை தொடங்கியதிலிருந்து அவள் அதை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு நாள் காலை, தெருக்குழாயடியில், குடத்தை வைத்துவிட்டு அவள் அம்புஜவல்லி பக்கம் திரும்பினாள்.

"அய்யிரூட்டம்மா, உங்க ஊட்ல ரேடியோ ஒழுங்கா பாடுதா?"

"ஏன் கேக்கறே?"

"எங்கூட்டுல மத்தியானம் நியூஸ் வர்ற நேரம் பாத்து கீய்ய்ன்னு கத்துதும்மா. பட்டாளத்தானுங்க எத்தினி பேருன்னு சொல்ல வருவான், கீய்ங்கும். எந்த ஊருன்னு சொல்ல வருவான், கீய்ங்கும். என் தம்பி அங்க கீறான். ஒரு வார்த்தை கேக்க வுட மாட்டேங்குது. பேஜாரா கீது."

சுவரைத் தாண்டிப் போவது தங்கள் பெட்டியின் விசில்தான் என்று அம்புஜவல்லிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"எங்காத்துல நன்னா வரதே" என்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு இன்னா சொல்றாருன்னா, எவனோ ஒயர்லெஸ் வெச்சிக்கினு தகவல் அனுப்புறான், அதான் கத்துதுங்கிறாரு. எளாவூர் செக்போஸ்ட்ல ஒவ்வொரு லாரியா தார்ப்பாய அவுத்துப் பாக்குறானுங்களாம். அந்தாண்ட நெல்லூர்ல ஒருத்தன பிடிச்சிக்கினு போய்ட்டானுங்களாம். எங்க போனான்னே தெரியலையாம். எனுக்கு ராத்திரியானா தூக்கமே வர்றதில்லமா."

குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அது எங்காத்துப் பெட்டிதான் குணா, வந்து பாரு' என்று ஒரு வார்த்தை. நெல்லூர்க்காரனைப் பிடித்துக்கொண்டு போன கதையைக் கேட்ட பிறகு அவள் வாயில் அது வரவில்லை.

வீட்டுக்கு வந்து சடகோபனிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"பாவம், அவளுக்கும் விசில் போறதா? காயிலைக் கொஞ்சம் திருகினா வேற பக்கம் தள்ளிப் போயிடும். நாளைக்குப் பண்ணிடறேன். இந்த மூட்டையை மட்டும் இன்னிக்கு முடிச்சுடுவோம்."

"லைசென்ஸ் இருக்கா இதுக்கு?"

"ரேடியோவுக்கு இருக்குடி. இது என்ன, ரேடியோவா? திருமண் பெட்டிக்கு எவன் லைசென்ஸ் கேப்பான்?"

அன்றைக்கு அம்புஜவல்லி ஒவ்வொரு விசிலுக்கும் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. குணசுந்தரி ரேடியோவை அணைத்துவிட்டு, சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? விசில். 'ஆள் இருக்கான்.' விசில் இல்லை. 'ஆள் போயிட்டான். இவனும் போயிட்டான்.' கேட்டவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் தம்பியும் ஓர் ஆள்தானே.

மறுநாள் அடுப்பில் சாத்தமுது, அவர்கள் வீட்டு ரசம், கொதிக்கிற நேரத்தில் ஜீப் வந்தது.

அந்தத் தெருவுக்கு ஜீப் வந்து யாரும் பார்த்ததில்லை. சடகோபன் கோயிலில் இருந்தார். அம்புஜவல்லி ஜன்னலிலிருந்து ஒரு காக்கித் தொப்பியைப் பார்த்தாள். அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. மேஜையில் இருந்த பெட்டியைத் தூக்கினாள். எங்கே? அரிசி டின்னில் கொள்ளாது. பரணுக்கு ஏணி வேண்டும். பூஜை அறையான சுவாமி உள்ளில் கோயிலாழ்வார் இருந்தது. சாளக்கிராமம் வைக்கிற மரப்பெட்டி. அதன் கதவைத் திறந்து, சாளக்கிராமத் தட்டுக்குப் பின்னால் திருமண் பெட்டியைத் தள்ளி, மேலே ஒரு பட்டுத் துண்டைப் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் அருணாச்சலம் நின்றார். பின்னால் துளசிராமன் என்ற கான்ஸ்டபிள், வயசானவர். அவருக்கும் பின்னால், ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு குணசுந்தரி. அவள் அம்புஜவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுக்காரர் எங்கம்மா?"

"கோயிலுக்கு... இப்போ வந்துடுவார்."

"வரட்டும். உக்காந்திருக்கோம்."

சாத்தமுது பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் அசையவில்லை. பத்து நிமிஷத்தில் சடகோபன் நனைந்த வேஷ்டியும் கையில் தொன்னையுமாக வந்தார். தொன்னையில் கோயில் தயிர்சாதம், ததியோன்னம். போலீஸைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மேஜை காலியாக இருந்தது.

"என்ன சார், அந்தப் பெட்டிக்காகவா? இங்கதான்—"

அம்புஜவல்லி தலையை ஆட்டினாள். துளிதான் ஆட்டினாள். ஆனால் அருணாச்சலம் பார்த்துவிட்டார்.

"எந்தப் பெட்டி?"

அம்புஜவல்லி தலையாட்டியதனாலேயே அந்தப் பெட்டி பொல்லாத பெட்டியாகிவிட்டது.

"அந்த ரேடியோவப் போடும்மா" என்றார் அருணாச்சலம்.

குணசுந்தரி திருகினாள். மெட்ராஸ் ஸ்டேஷனில் யாரோ நெல்லுக்கு மேலுரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு மேலே, நீளமாக, அறுபடாமல், விசில்.

அம்புஜவல்லிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்றுக் கடைசியாக மாட்டின மூணுகால் கவ்வியிலேயே இருக்கிறது. செல்லையும் அவள் எடுக்கவில்லை.

அருணாச்சலம் ரேடியோவை வாங்கிக் கையில் பிடித்தபடி நடந்தார். வாசல் அறையில் விசில் மெலிந்தது. கூடத்துக்கு வந்தால் தடித்தது. சமையலறைப் பக்கம் திரும்பினார், இளைத்தது. திரும்பி வந்தார். சுவாமி உள்ளை நோக்கி ஒரு அடி வைத்தார், ரேடியோ கூச்சலிட்டது. நெல் பேசினவர் குரலே அதில் முங்கிப்போயிற்று.

"சார், சாமி ரூமு சார்" என்றார் துளசிராமன். "பூட்ஸு..."

அருணாச்சலம் நிலைப்படியில் நின்றார். பூட்ஸைக் குனிந்து பார்த்தார். ரேடியோவை அணைத்தார். திடீரென்று வந்த அமைதியில் ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

"இந்தம்மா சொல்லி எழுதினது. முதல்ல விசில். அப்புறம், 'ஆள் இருக்கான்.' சில சமயம், 'ஆள் போயிட்டான்.' நேத்து மட்டும் பதினெட்டு ஆள் இருக்கான், முப்பத்தோரு ஆள் போயிட்டான்." நிமிர்ந்தார். "யாருய்யா இவங்கள்லாம்? எங்க போனாங்க?"

"சார், அது ஆள் இல்லை சார், மூணுகால்—"

"மூணு காலுள்ள ஆளா? விளையாடுறியா? கேட்டதுக்குப் பதில் சொல்லு. எங்க போனாங்க?"

எங்க போனான். யார் தூக்கிண்டு போனா.

அம்புஜவல்லி சுவாமி உள்ளுக்குள் போனாள். கோயிலாழ்வாரைத் திறந்தாள். பட்டுத் துண்டை விலக்கி, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். கொட்டாங்கச்சியையும் கொண்டுவந்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரேடியோவைப் போடுங்கோ" என்றாள்.

போட்டார். விசில்.

"இது நல்லது. உசுரோட இருக்கு. அதனால கத்தறது. இவர் இதைத்தான் ஆள் இருக்கான்னு சொல்லுவார்."

கழற்றினாள். விசில் நின்றது. கொட்டாங்கச்சியிலிருந்து ஒன்றை எடுத்து, மூன்று காலையும் பிரித்து மாட்டினாள். நெல் பேசுகிறவர் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"இது..." என்றாள்.

"சொல்லும்மா. இது போயிட்டான். எங்க போயிட்டான்?"

"எங்கயும் போகலை. செத்துப்போச்சு."

சடகோபன் கையிலிருந்த தொன்னை தரையில் விழுந்தது.

அவள் அதைக் கழற்றி அடுத்ததை மாட்டினாள். "இதுவும் செத்துப்போச்சு." அடுத்தது. "இது செத்துப்போச்சு." அருணாச்சலம் போதும் என்று கை காட்டியும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஆறு, ஏழு. விரல் தானாக மாட்டியது, வாய் தானாகச் சொன்னது. எட்டாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என் குழந்தை செத்துப்போச்சு சார்" என்றாள். "மூணு வருஷமாச்சு. அதனால இந்த ஆத்துல நான் அந்த வார்த்தையைச் சொல்ல விடறதில்லை. அதுக்காகத்தான் இவர் மாத்திச் சொன்னார். வேற ஒண்ணும் இல்லை."

ரேடியோவில் யூரியாவை எத்தனை நாள் கழித்துத் தூவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். துளசிராமன்தான் அதை வாங்கி அணைத்தார்.

அருணாச்சலம் நோட்டை மூடினார். குரல் இறங்கியிருந்தது. "எனக்குப் புரியுது. ஆனா எழுதிட்டேன்மா. மேல காட்டாம விடமுடியாது. சண்டைக் காலம். பெட்டியோட ஐயரு ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வாக்குமூலம் குடுக்கணும்."

"எப்போ விடுவேள்?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மழையில் இறங்கினார். ஜீப்பின் பின்பக்கம் ஏறும்போது சடகோபன் திரும்பிப் பார்த்தார். "சாப்பிட்டுடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் சாப்பிடவில்லை. கொட்டின ததியோன்னத்தை வழித்துக் காக்கைக்குப் போட்டாள். வாசற்படியில் உட்கார்ந்து தெருமுனையைப் பார்த்தாள். நெல்லூரில் பிடித்துக்கொண்டு போனவனுக்கும் ஒரு வாசற்படி இருந்திருக்கும். அவன் பெண்டாட்டியிடமும் வாக்குமூலம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மழை வலுத்தது, விட்டது, மறுபடி வலுத்தது. நாலு மணி ரயில் கூவிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் ஜீப் என்று எழுந்தாள்.

குணசுந்தரி வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் தலையை மூடியிருந்தாள்.

"எனுக்குத் தெரியாதுமா" என்றாள் குணசுந்தரி. "அய்யிரு ஆள் போயிட்டான் ஆள் போயிட்டான்னு எண்ணிக்கினே இருந்தாரா... என் தம்பிய எண்ணுறீங்கன்னு நெனச்சிட்டேன்."

"குழாயடியில நான் உங்கிட்டப் பொய் சொன்னேன் குணா."

"நீ பொய் சொன்ன, நான் போட்டுக் குடுத்தேன். சரியாப் போச்சு." மூக்கை உறிஞ்சினாள். "காபி வெச்சாந்தா குடிப்பியா? எங்கூட்டுக் காபி."

"குடிக்கறேன்."

அவள் கொண்டுவந்த டம்ளரை அம்புஜவல்லி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். காபி ஆறி ஆடை படிந்தது. விளக்கு வைக்கிற நேரம். ஏற்றப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து உள்ளே போன நேரத்தில் அவர் வராமல் போய்விடுவாரோ என்று.

குணசுந்தரிதான் முதலில் எழுந்து நின்றாள். தெருமுனையில், பாதிக்கண் லாரி ஒன்றின் மங்கல் வெளிச்சத்துக்கு முன்னால், வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் பள்ளத்தைத் தாண்டினார்.

"அய்யிரம்மா! ஆளு கீறாரு! ஆளு வர்றாரு பாரு!"

அம்புஜவல்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

சடகோபனைப் பிடித்து வைக்கவில்லை. பெட்டியை மட்டும் அரக்கு முத்திரை போட்டு வைத்துக்கொண்டார்கள். அது தை மாதம் திரும்பி வந்தது. முப்பது வருஷம் கழித்து அவருக்கு முடிவு வந்தபோதும் அது பரணில் இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. மார்கழி பிறந்த அன்றைக்கே சண்டை நின்றது. கடைத்தெருவில் சர்க்கரை கொடுத்தார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து, சடகோபன் திருப்பாவை சேவிக்கப் போயிருந்த காலையில், குணசுந்தரி வந்து கதவைத் தட்டினாள். கையில் ஒரு தந்தி. பிரிக்கவில்லை. தந்திக்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்காமல் போய்விட்டானாம்.

"படி" என்றாள். "எனுக்கு இங்கிலீஷ் தெரியாது."

அம்புஜவல்லி எட்டாவது வரை படித்தவள். மூன்றே வரி. படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். வாசலில் போட்டிருந்த கோலத்தின் பூசணிப்பூ இன்னும் வாடவில்லை.

"சொல்லு அய்யிரம்மா. ஆளு கீறானா?"

போயிட்டான் என்று சொல்லலாம். அது மெத்தென்று இருக்கும். இவளும் கேட்பாள், எங்கே என்று. மூன்று வருஷம் கேட்டுக்கொண்டே இருப்பாள். மழை நாளில் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள்.

அம்புஜவல்லி ஸ்நானம் பண்ணி மடியாக இருந்தாள்; யாரையும் தொடக் கூடாத நேரம். அதைப் பார்க்காமல் குணசுந்தரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லை குணா. சுப்பிரமணி செத்துப்போயிட்டான்."

குணசுந்தரி எங்கே என்று கேட்கவில்லை. அழுதாள்.